துப்பாக்கியின் இலக்கணம்

சென்ற ரமளானில் ஓர் இரவு தராவீஹ் தொழுகை முடித்துக் கடையநல்லூர்த் தெருவொன்றின் வழியாக நாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். ஓசை அடங்கிக் கிடந்த ஒரு தறிக்கூடத்தின் திண்ணையில் நான்கைந்து சிறுவர்கள் தலை குனிந்து அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவன் கையிலும் ஒரு செல்பேசி. அவர்களில் ஒருவன் திடீரெனக் கத்தினான்: "அவன் நாக் ஆயிட்டான்டா, முடிச்சிரு, முடிச்சிரு!" மற்றவன் முடித்துவிட்டான் போலும், சிரிப்பு எழுந்தது. நம்மைக் கண்டதும் அனைவரும் எழுந்து ஸலாம் கூறினர். இருவர் நம் மதரஸாவின் மாலை வகுப்பில் ஓதுபவர்கள். பதில் கூறிவிட்டு நடந்தோம். ஆனால் 'முடிச்சிரு' என்ற அச்சொல் வீடுவரை நம்முடன் வந்தது.

ஷஅபான் விடுமுறைக்கு முன் கல்லூரியில் நாம் இறுதியாக நடத்திய பாடம், கிளர்ச்சி செய்வோருடன் போரிடும்போது பேண வேண்டிய சட்டங்களைப் பற்றியது. ஜமல் போரின்போது அலீ (ரலி) அவர்கள் தம் படைக்கு இட்ட கட்டளைகளே அப்பாடத்தின் அடித்தளம். புறமுதுகு காட்டி ஓடுபவனைத் துரத்தக் கூடாது. காயம்பட்டு வீழ்ந்தவனின் உயிரைப் போக்கி முடிக்கக் கூடாது. வீழ்ந்தவனை முடிக்கும் அச்செயலுக்கு அரபியில் 'இஜ்ஹாஸ்' என்று தனியே ஒரு சொல் உண்டு. திண்ணையில் நாம் கேட்டது அச்சொல்லின் நேரான தமிழ் வடிவம் அன்றி வேறில்லை.

பெருநாள் விடுமுறையில் நம்மைக் காண ஓர் இளைஞர் வந்தார். அவருடைய பாட்டனார் இவ்வூரில் குழித்தறியில் அமர்ந்து லுங்கி நெய்தவர். பேரரோ பொறியியல் பயின்று, பெங்களூரில் விளையாட்டு மென்பொருள் ஆக்கும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். சற்று நேரம் ஊர்க்கதை பேசியபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், நான் கேம்ல துப்பாக்கி செய்யறவன். சுடறது, குண்டு பாயறது, அடி விழறது, அந்தப் பகுதி முழுக்க என் வேலை. இந்தச் சம்பளம் ஹலாலா?"

நாம் முஃப்தி அல்லோம். அறியாத பொருளின்மீது தீர்ப்புக் கூறுவது ஃபிக்ஹில் பெருங்குற்றம் என்பது மட்டும் நமக்குத் தெரியும். ஆகவே, "தம்பி, முதலில் நீங்கள் செய்வது இன்னதென்று எங்களுக்குக் காட்டுங்கள்" என்றோம். இஷாவுக்குப் பின் தொடர்ந்து மூன்று இரவுகள் தம் மடிக்கணினியை விரித்துக் காட்டினார். இக்கட்டுரை அவ்விரவுகளில் விளைந்தது. சுடும் விளையாட்டுகளை ஒரு கலைப்படைப்பாகக் கருதித் திறனாய்ந்தால் எவ்விடத்தில் கண்ணைப் பதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் சமுதாயத்தில் இவ்விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு இரண்டே வகையில் நிகழ்ந்து வந்துள்ளது. முதல் வகை மிம்பர்ப் பேச்சு: நேரம் வீண், தொழுகை தவறுகிறது, பிள்ளை கெட்டுப்போகிறான். இவை பொய்யல்ல. ஆயினும் கிரிக்கெட்டைப் பற்றியும் இதையே கூறலாம், கூறியும் இருக்கிறோம். இரண்டாம் வகை, புண்பட்டவரின் கண்டனம். 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' என்ற விளையாட்டில் ஒரு குளியலறைச் சுவரில் நபிமொழி எழுதிய சட்டம் மாட்டப்பட்டிருந்தது, எதிர்ப்புக் கிளம்பவே, 2012 அக்டோபரில் நிறுவனம் அக்களத்தையே விலக்கிக்கொண்டது. 2020 சூனில் பப்ஜி செல்பேசி விளையாட்டில் ஒரு குலச்சின்னத்தின் முன் வீரன் வழிபடுவதுபோல் அமைந்த காட்சி கண்டனத்தால் நீக்கப்பட்டது. 2021 நவம்பரில் 'கால் ஆஃப் டூட்டி: வான்கார்டு' விளையாட்டில் குர்ஆனின் தாள்கள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்டியதற்கு நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. இக்கண்டனங்கள் நியாயமானவை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று முறையும் நாம் சுவரையும் தரையையும் பார்த்தோம். அந்தச் சுவருக்கும் தரைக்கும் இடையே மனிதர்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த விதியின்படி சுடப்படுகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அரசும் அவ்வாறே. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகள் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. காரணமாகக் கூறப்பட்டது நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், குண்டு அல்ல. 2021 சூலையில் அதே கொரிய நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அதனை மீண்டும் கொணர்ந்தது. இந்தியருக்கெனச் செய்த மாற்றங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இரத்தத்தின் நிறம் பச்சையாயிற்று. 'கில்' என்ற சொல் நீங்கி 'ஃபினிஷ்' என்றாயிற்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற வரம்பும் வந்தது. 2022 சூலையில் மறுபடியும் அகற்றப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கிறது. சுடும் போட்டிகளும் அடங்கிய மின்விளையாட்டுகளை வளர்க்க முற்படுகிறது. சூதைப் பற்றி அச்சட்டம் கொண்ட கவலை நமக்கும் உடன்பாடே. ஆயின் குருதிக்குப் பச்சைச் சாயம் பூசியதால் சுடுவதில் என்ன மாறிற்று? நம் நண்பரின் மடிக்கணினியில் அதைச் சோதித்தோம். நிறத்தைக் குறிக்கும் எண்ணை மாற்ற அவருக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. மற்ற அனைத்தும் இருந்தபடியே இருந்தன.

அந்த 'மற்ற அனைத்தும்' யாவை என்பதுதான் நமக்குத் திறந்த புதிய வாசல். ஒரு மொழியில் சொற்களை மாற்றலாம். நஹ்வு மாறாதவரை வாக்கியம் அதே வாக்கியம். எது எழுவாய், எது செயப்படுபொருள், எது எதனை ஆள்கிறது என்பதை இலக்கணமே தீர்மானிக்கிறது. சுடும் விளையாட்டுக்கும் அவ்வாறே ஓர் இலக்கணம் உண்டு.

"ஹஜ்ரத், இதுல குண்டுன்னு ஒண்ணே கிடையாது" என்று அவர் முதல் இரவே கூறியபோது வியந்தோம். பல விளையாட்டுகளில் விசையை அழுத்தியதும் கணினி ஒரு நேர்கோட்டை இழுக்கிறது. இக்கோட்டில் முதலில் தட்டுப்படுவது எது என்று கேட்கிறது. தட்டுப்பட்டது மனித உருவமானால் அதன் உயிர்க்கணக்கில் ஓர் எண்ணைக் கழிக்கிறது. அவ்வளவே. பறக்கும் தோட்டா இல்லை. ஒரு கேள்வியும் ஒரு கழித்தலும் மட்டுமே உள்ளன. இதைவிட வியப்பு, பெரும்பாலும் அந்தக் கோடு துப்பாக்கியின் வாயிலிருந்து புறப்படுவதில்லை. ஆடுபவனின் கண் இருக்குமிடத்திலிருந்து, திரையின் நடுப்புள்ளி வழியாகப் புறப்படுகிறது. துப்பாக்கி வாயில் தெறிக்கும் நெருப்பு வெறும் அலங்காரம். சுடுவது கண்.

பப்ஜி போன்றவற்றில் அமைப்பு வேறு. அங்கே தோட்டாவுக்கு வேகம் உண்டு, தூரம் செல்லச் செல்ல அது தாழ்ந்து விழும். ஓடுபவனுக்குச் சற்று முன்னால் குறிவைக்க வேண்டும். துப்பாக்கியின் பின்னுதைப்புக்கும் கணக்கு உண்டு. 1999இல் இரு இளைஞர் தம் விருப்பத்திற்காகத் தொடங்கி உலகெங்கும் பரவிய 'கவுண்டர் ஸ்டிரைக்' விளையாட்டில் தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி தனக்கே உரிய ஒரு பாதையில் மேலேறி இடமும் வலமும் அலையும். தேர்ந்த ஆட்டக்காரர் அப்பாதையை, நம் மாணவர் ஸர்ஃபு வாய்பாட்டை மனனம் செய்வதுபோல், கையால் மனனம் செய்கின்றனர். (நம் மாணவர் அத்தனை ஆர்வத்தோடு செய்கிறார்களா என்று கேட்காதீர்கள்.)

இத்தகைய நுட்பத்தின்மீது மனிதனுக்கு இருக்கும் ஈர்ப்பை இழிவாகப் பேச நமக்கு மனமில்லை. அம்பெய்தலைக் கற்க ஏவிய நபிமொழிகளை நாம் அறிவோம். வீணாகாத ஒருசில விளையாட்டுகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் மம்லூக் ஆட்சியில் தைபுகா அல்பக்லமிஷீ என்பார் வில்வித்தைக்கென்றே ஒரு நூல் செய்தார். வில்லைப் பிடிப்பது, நாணை இழுப்பது, குறி பார்ப்பது, விடுவது என ஒவ்வோர் அசைவையும் கூறு போட்டு ஆராயும் அந்நூலின் ஆசிரியர் இன்று நம் இளைஞரின் அருகே அமர்ந்தால் இருவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பர் என்றே தோன்றுகிறது. கருவியின் இலக்கணம் நம் மரபுக்கு அந்நியமன்று.

ஆனால் அதே மரபு இலக்கைப் பற்றியும் பேசிற்று. உயிருள்ள எதனையும் எய்து பழகும் இலக்காக ஆக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதை முஸ்லிமில் காண்கிறோம். அங்கு இலக்கைக் குறிக்க வரும் சொல் 'கரள்'. நோக்கம், தன்னலம் என்பவற்றுக்கும் பின்னாளைய அரபியில் அதே சொல்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் குறைஷி இளைஞர் சிலரைக் கடந்து சென்ற நிகழ்ச்சியும் அங்கேயே உள்ளது. அவர்கள் ஒரு பறவையைக் கட்டி வைத்து எய்துகொண்டிருந்தனர். தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் உரிமையாளனுக்கு என்று பேச்சு. இப்னு உமரைக் கண்டதும் சிதறி ஓடினர். இந்நிகழ்ச்சியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அதில் ஒரு விளையாட்டு விதி இருக்கிறது என்பது இவ்வாண்டுதான் நமக்கு உறைத்தது. தவறினால் ஓர் அம்பு நட்டம். அதுவே முழு விதி. பறவையின் வலிக்கு அவ்விதியில் இடமே இல்லை. ஹதீஸ் கண்டிப்பது அந்த இடமின்மையை என்று படித்தால் பிழையாகாது என எண்ணுகிறோம்.

திரையில் உள்ளது உயிரன்று, உருவம்தானே என்று வாசகர் மறுக்கலாம். மறுப்பு ஏற்கத்தக்கது. திரையில் சுட்டவன் தெருவில் சுடுவான் என்று நாம் வாதிடவும் வரவில்லை. ஆனால் உருவத்தை ஆக்கியவர் அதனை மனிதன் என்று நம்பும்படி ஆக்குகிறார். ஓடவும் முனகவும் கெஞ்சவும் வைக்கிறார். அவ்வாறு ஆக்கியபின் அந்த மனிதனைப் பற்றி அவர் எழுதும் விதிகளே அவருடைய கூற்று. கதைமாந்தர் உண்மையில்லை என்பதால் கதாசிரியரின் கூற்று இல்லாமல் போவதில்லை.

இரண்டாம் இரவு அவர் ஓர் அட்டவணையைத் திறந்தார். மனித உடலைக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டிருந்தது. கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டில் இது வெளிப்படையாகத் தெரிந்த கணக்கு: மார்பில் பட்டால் ஒரு மடங்கு, வயிற்றில் 1.25 மடங்கு, காலில் 0.75 மடங்கு, தலையில் 4 மடங்கு. அதைக் கண்டதும் நமக்கு நினைவுக்கு வந்தது ஃபிக்ஹு நூல்களின் தியத் அத்தியாயம். யமனுக்கு அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் நபிகளார் கொடுத்தனுப்பிய கடிதத்தின் அடிப்படையில் எழுந்த அட்டவணை அது. ஓர் உயிருக்கு 100 ஒட்டகம். ஒரு கண்ணுக்கு 50. ஒரு கைக்கு 50. ஒரு விரலுக்கு 10. ஒரு பல்லுக்கு 5. தலையில் எலும்பு தெரியும் காயத்துக்கு 5. இங்கும் உடல் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது, இங்கும் கூறுக்கொரு எண்.

இரு அட்டவணைகளையும் ஒரே மேசைமீது வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் அட்டவணையில் எண் காயம்பட்டவனின் பக்கம் நிற்கிறது. காயப்படுத்தியவன் கொடுக்க வேண்டிய கடன் அது. மற்றதில் எண் காயப்படுத்தியவனின் பக்கம் நிற்கிறது. அவன் ஈட்டிய வரவு. கவுண்டர் ஸ்டிரைக்கில் எதிரியைக் கொன்றவனுக்கு அடுத்த சுற்றில் செலவிடப் பணமே கிடைக்கிறது. பிணைக்கைதியைக் கொன்றால் அபராதமும் உண்டு என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அந்த ஓரிடத்தில் மட்டும் விளையாட்டு, தான் அறியாமலேயே, நம் அட்டவணையின் பக்கம் வந்து நிற்கிறது.

உடலைக் கூறுபோட்ட எண்களினும் நுட்பமானது அடிபட்டதைத் தெரிவிக்கும் முறை. குண்டு பட்டதும் திரையின் நடுவில் ஒரு சிறு பெருக்கல் குறி மின்னும். கூடவே 'டிக்' என்றோர் ஒலி. அந்த ஒலியை இனிமையாக்க நான்கு நாள் உழைத்ததாக நம் இளைஞர் கூறினார். செல்பேசியில் விரலால் குறிபார்ப்பது கடினமாதலால் 'எய்ம் அசிஸ்ட்' என்ற உதவியும் உண்டு; குறி ஒரு மனித உருவத்தின் அருகே வந்தால் கணினி அதனை மெல்ல அவ்வுருவத்தின்பால் இழுக்கும். மனிதனை நோக்கி இழுக்கப்படுதல் என்ற சொற்றொடர் வேறு எத்தனை நல்ல பொருள்களில் வழங்கக்கூடியது என்று எண்ணி அவ்விரவு உறக்கம் வரவில்லை.

இனி, கண்ணும் துப்பாக்கியும் ஒன்றாகிய அமைப்புக்கு வருவோம். இவ்வகை விளையாட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதன்மீது துப்பாக்கியை நீட்டியாக வேண்டும். தோழனைப் பார்த்தாலும், குழந்தையைப் பார்த்தாலும், வீட்டுச் சுவரிலுள்ள படத்தைப் பார்த்தாலும் நடுவே குறி நிற்கும். தன் சகோதரனை நோக்கி விளையாட்டுக்கேனும் ஆயுதத்தை நீட்டாதிருக்கவும், அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அதன் முனைகளைப் பற்றிக்கொள்ளவும் கற்பித்த நபிமொழிகளை வைத்துப் பார்த்தால், இதுவே இவ்விளையாட்டுகளின் முதற்குறை. விதிவிலக்கும் உண்டு. 2004இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டில் தோழரை நோக்கினால் வீரனின் கை தானே துப்பாக்கியைத் தாழ்த்திவிடும். அப்போது சுடவும் இயலாது. சில வரி நிரல்தான். அதை எழுதியவர் அந்த ஹதீஸை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் சுவையை அறிந்தவர்.

திண்ணையில் கேட்ட 'முடிச்சிரு' இதைவிடச் சிக்கலானது. பப்ஜியில் குழுவாக ஆடும்போது உயிர்க்கணக்கு தீர்ந்தவன் உடனே இறப்பதில்லை. மண்டியிட்டுத் தவழ்கிறான், சுட முடியாது, குருதி வடிந்துகொண்டிருக்கிறது. தோழன் ஒருவன் அருகே வந்து சில நொடிகள் குனிந்திருந்தால் எழுந்துவிடுவான். ஆகவே எதிரி விரைந்து அவனை 'முடிக்க' வேண்டும். இதனை இஜ்ஹாஸ் என்று கூறி, அலீ (ரலி) அவர்களின் கட்டளைக்கு மாறு என்று முடித்துவிட நாமும் முதலில் எண்ணினோம். பிறகு ஹிதாயாவை எடுத்துப் பார்த்தோம். அங்கு ஒரு பிரிவு உண்டு. வீழ்ந்த கிளர்ச்சியாளன் திரும்பிச் சேர்ந்துகொள்ள ஒரு 'ஃபிஆ', அதாவது அணி, பின்னால் காத்திருந்தால் ஹனஃபி அறிஞர் அவனை முடிக்க அனுமதிப்பர், இல்லையேல் இல்லை. இமாம் ஷாஃபிஈ அவர்களோ எந்நிலையிலும் ஏற்பதில்லை. அறிஞர்கள் அரிதாய் நேரும் நெருக்கடி என்று கருதி வைத்த விலக்கு அது. பப்ஜியை ஆக்கியவர் செய்தது என்ன? வீழ்ந்த ஒவ்வொருவனுக்கும் பின்னால் எப்போதும் ஓர் அணியை நிறுத்தினார். எழுப்புவதற்குச் சில நொடிகளே கொடுத்தார். சிறைப்பிடிப்பதற்கோ சரணடைவதற்கோ எந்த விசையும் வைக்கவில்லை. விலக்கு மட்டுமே நிலவும் ஓர் உலகத்தைக் கட்டிவிட்டு, முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். வழி இல்லாமல் போனது போரின் இயல்பால் அன்று; எழுதப்படாத ஒரு விசையால். இந்தியருக்காக 'கில்' என்பதை 'ஃபினிஷ்' என்று மென்மையாக்கியவர்கள், கொல்வதிலும் கொடிய செயலின் பெயரைத் தேர்ந்துகொண்டது விந்தையே.

எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பதற்குச் சான்றுண்டு. 2005இல் வெளிவந்த 'ஸ்வாட் 4' விளையாட்டில் ஆடுபவர் காவல்படையினர். கதவைத் திறந்ததும் சுடுவதற்கு முன் சரணடையும்படி குரல் கொடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு விசை உண்டு. எதிரி ஆயுதத்தைக் கீழே போடலாம், போடாமலும் இருக்கலாம். தேவையின்றிச் சுட்டால் மதிப்பெண் குறையும். அந்த ஒரு விசையால் முழு விளையாட்டின் மூச்சும் மாறிவிடுவதைக் கண்டோம், ஆடுபவர் தயங்குகிறார். தயக்கத்தைச் சுவையாக்க முடியும் என்று அதனை ஆக்கியோர் மெய்ப்பித்தனர். 2012இல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' வேறு வழியை நாடிற்று. நம்மூரார் பலர் உழைத்துத் தேய்ந்த துபாய் நகரம் மணலில் புதைந்ததாகக் கற்பித்த கதை அது. உயரத்திலிருந்து வெண்பாஸ்பரக் குண்டுகளைப் பொழியவைத்து, பிறகு கரிந்த குடிமக்களிடையே, ஒரு தாயும் சேயும் உட்பட, ஆடுபவரை நடக்க வைக்கிறது. பலர் இதனைப் பெரிதும் புகழ்ந்தனர். நமக்கு அரைமனமே. குண்டு வீசாமல் முன்செல்ல அங்கும் வழியில்லை. வேறு விசை தராதவர் குற்றஞ்சாட்டுவது எவ்வகை நீதி?

இவ்வளவும் மேற்கின் படைப்புகள். நம்மவர் ஆக்கியவை எப்படி? இந்தக் கேள்விதான் நம்மை நம் நூலகத்துக்கே கொண்டு சென்றது. நம் அரபுக் கல்லூரிகளின் அலமாரிகளில் டமாஸ்கஸின் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் பெற்றிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வஹ்பா அஸ்ஸுஹைலீ (1932–2015) அவர்களின் 'அல்ஃபிக்ஹுல் இஸ்லாமிய்யு வஅதில்லதுஹு' அங்கிருந்தே வந்தது. போரின் விளைவுகள் குறித்து அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வான 'ஆஸாருல் ஹர்ப்' நூலையும் அப்பதிப்பகமே வெளியிட்டது. போரிடுவோர் யார், போரிடாதோர் யார் என்ற வேறுபாட்டை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. அதே தாருல் ஃபிக்ர் 2001இல் ஒரு சுடும் விளையாட்டையும் வெளியிட்டது என்பதை நாம் அண்மையில்தான் அறிந்தோம். பெயர் 'தஹ்தர் ரமாத்', சாம்பலின் கீழ். ரள்வான் கஸ்மிய்யா என்ற சிரிய நாட்டவரின் தலைமையில் ஆக்கப்பட்டது. முதல் இன்திஃபாளாவின் காலத்தில் அஹ்மத் என்ற ஃபலஸ்தீன இளைஞனின் கதை; கையில் முதலில் இருப்பது கல்.

அவ்விளையாட்டில் ஒரு விதி உண்டு. குடிமக்களைச் சுட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். அபராதமன்று, மதிப்பெண் குறைப்பன்று; முடிவு. ஆஸாருல் ஹர்பின் ஒரு முழு அத்தியாயம் ஒற்றை வரி நிரலாக மாறிவிட்டதுபோல் நமக்குப் பட்டது. எந்த மேற்கத்திய விளையாட்டின் சுவரிலும் நம் எழுத்தைத் தேடிப் புண்படுவதினும், இந்த வரியைக் காட்டிப் பெருமைப்பட நமக்கு உரிமையுண்டு.

பெருமை ஓரளவே. அந்த ஒரு விதிக்கு அப்பால், சிப்பாய்களைப் பொறுத்தவரை 'சாம்பலின் கீழ்' அமெரிக்க விளையாட்டுகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததுதான். அதே நேர்கோடு, அதே கழித்தல், எதிரியின் சீருடை மட்டும் வேறு. 2003இல் லெபனானின் ஹிஸ்புல்லாஹ் வெளியிட்ட 'ஸ்பெஷல் ஃபோர்ஸ்' விளையாட்டில் அந்த ஒரு விதியின் சுவையும் நமக்குக் கிட்டவில்லை. இஸ்ரேலியத் தலைவர்களின் படங்களை இலக்காக வைத்துச் சுட்டுப் பழகுவது அதன் பயிற்சிக்களம். ஒடுக்கப்பட்டவரின் சினத்தை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் பிறருடைய இலக்கணத்தைக் கடன்வாங்கி நம் பெயர்ச்சொற்களை அதில் நிரப்பினால் அது நம் மொழியாகிவிடாது.

பிறருடைய இலக்கணம் எத்தகையது என்பதற்கு ஒரே சான்று போதும். அமெரிக்க இராணுவமே தன் படைக்கு ஆள்சேர்க்கும் நோக்குடன் 2002இல் இலவசமாக வெளியிட்டு, 2022 வரை நடத்திய 'அமெரிக்காஸ் ஆர்மி' விளையாட்டில் இரு அணிகள் மோதும். இரு அணியினருமே தங்களை அமெரிக்க வீரராகவே காண்பர். எதிரணி எதிரிப் படையாகத் தெரியும். அவர்கள் திரையிலோ அவர்கள்தாம் அமெரிக்கர், நாம் எதிரி. தன்னை எதிரியாகக் காணும் வாய்ப்பை எவருக்கும் தராத அந்த ஏற்பாட்டைப் போலத் தேர்ந்த பொய்யை இலக்கியத்தில்கூட நாம் கண்டதில்லை. அதே விளையாட்டில் தன் தோழனைச் சுட்டவன் ஃபோர்ட் லெவன்வொர்த் இராணுவச் சிறையறையில் அடைபட்டுக் கிடப்பான். தோழனின் உயிருக்கு விதி எழுதத் தெரிந்த கைதான் அது.

ஃபலூஜாவைக் குறிப்பிடாமல் விட இயலவில்லை. 2004 நவம்பரில் அந்நகரில் நடந்த போரை வைத்து 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்ற விளையாட்டு 2009இல் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பால் வெளியீட்டாளர் விலக, 2021இல் மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2023 சூனில் முழுமை பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. அதன் ஆக்குநர் பெருமையுடன் கூறுவது, ஒவ்வொரு முறை ஆடும்போதும் வீடுகளின் உள்ளமைப்பைக் கணினி புதிதாக மாற்றி அடுக்கும் என்பது. கதவுக்குப் பின் என்ன இருக்கிறதென்று அறியாத படைவீரனின் அச்சத்தை உணர்த்தவாம். நோக்கம் புரிகிறது; திறமையையும் மறுக்கவில்லை. ஆனால் அவை ஒரு காலத்தில் வீடுகள். அடுப்பங்கரை இன்ன இடத்தில், முஸல்லா விரிக்கும் மூலை இன்ன இடத்தில் என்று அறிந்த ஒருத்தி அங்கே வாழ்ந்தாள். அச்சமுற்று நுழைபவனின் உண்மைக்காக அவளுடைய வீட்டின் உண்மை சீட்டுக்கட்டைப்போல் கலைத்து அடுக்கப்படுகிறது. அவ்விளையாட்டில் நம் எழுத்துக்கோ வேதத்துக்கோ அவமதிப்பு ஏதுமில்லை என்றாலும் அதன் இலக்கணமே அவமதிப்பு என்பது நம் துணிபு.

மூன்றாம் இரவு இவையனைத்தையும் நம் இளைஞரிடம் கூறினோம். சம்பளத்தைப் பற்றிய அவர் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை என்றோம். அவருடைய பாட்டனார் பாவு கட்டும்போது எந்த இழை எந்த விழுதில் நுழைய வேண்டும் என்று முடிவு செய்தபின்தான் துணியின் கட்டம் பிறந்தது. நாடா ஓடத் தொடங்கியபின் அன்று. நிரலும் அவ்வாறே. ஃபலூஜாவைப் போன்ற ஒன்றில் கைவைக்கச் சொன்னால் விலகிவிடுங்கள் என்று தயக்கமின்றிக் கூறினோம். மற்றவற்றில் உங்கள் கை எந்த விதியை எழுதுகிறது என்று பாருங்கள், உங்களால் எழுதக்கூடியதை எழுதாமல் விட்டதற்கும் கணக்குண்டு என்றோம். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "விதியெல்லாம் நான் மட்டும் முடிவு பண்றதில்ல ஹஜ்ரத். வேலையை விட்டுட்டா வீட்டுல அடுப்பும் எரியணும்ல" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவருக்கு இரு தங்கைகள் உண்டு என்பதை நாமும் அறிவோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் அவரிடமிருந்து செல்பேசிக்கு ஒரு காணொளி வந்தது, இருபது நொடிகள். சுடும் வீரனின் குறி வீழ்ந்து கிடக்கும் எதிரியின்மீது படுகிறது. துப்பாக்கி மெல்லத் தாழ்கிறது. அதன்பின்னும் சுட வேண்டுமானால் இன்னொரு விசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அருகிலேயே மூன்றாவதாக ஒரு விசை: கையைக் கட்டிச் சிறைப்பிடிக்க. ஆடிப் பார்த்தவர்கள் வேகம் குறைகிறது என்கிறார்களாம். இதனை வைப்பதா நீக்குவதா என்று அவருடைய குழுவில் இன்னும் முடிவாகவில்லை. காணொளியின் கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். தங்கள் விளையாட்டில் வீழ்ந்தவன் கையில் கைத்துப்பாக்கி இருக்கும். தவழ்ந்தபடியே அவன் சுடவும் கூடும். அப்போதும் நம் துப்பாக்கி தாழ வேண்டுமா?

ஹிதாயாவின் விரிவுரைகளையும் ஷாஃபிஈ நூல்களையும் மேசைமீது பரப்பி வைத்திருக்கிறோம். இன்னும் அவருக்குப் பதில் எழுதவில்லை.